'சயனைடு' என்ற சொல்லும் மூன்று லட்சம் ரூபாயும்

கேள்வி: நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். வயது 29. பெங்களூரு பெல்லந்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நண்பர்கள் மூவருடன் சேர்ந்து வார இறுதிகளில் தமிழ்ப் பாட்டுகள் செய்கிறேன். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு என் அப்பா பல ஆண்டுகள் மாரிகுப்பத்தில் காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோனார். அந்த வண்டியையும் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சயனைடு மேட்டையும் (தங்கம் பிரித்த பின் மிஞ்சிய சக்கைக் குவியல்) வைத்து ஒரு பாட்டு எழுதினேன். மெட்டு நானும் எங்கள் கிடார் வாசிப்பவரும் சேர்ந்து போட்டது. கடைசியில் என் பாட்டியின் முனகல் பாட்டு வரும். அது கைபேசியில் பதிவு செய்தது. மும்பையில் உள்ள ஓர் இசை நிறுவனம் இந்தப் பாட்டைக் கேட்கிறது. 5 நிமிடம் 40 விநாடியை மூன்று நிமிடத்துக்குள் சுருக்க வேண்டுமாம். தொடக்கத்தில் 48 விநாடிக்கு வரும் ரயில் ஓசையும் பறையும் போக வேண்டுமாம். 'சயனைடு மேடு' என்பதைத் 'தங்க மேடு' என்று மாற்ற வேண்டுமாம். நடுவில் ஆங்கிலத்தில் ஒரு துள்ளல் வரி வேண்டுமாம். 3 லட்சம் அட்வான்ஸ் தருகிறார்கள். ஒப்பந்த வரைவை இணைத்திருக்கிறேன். கிடார் வாசிப்பவர் இது விலைபோவது என்று பேசுவதையே நிறுத்திவிட்டார். பேஸ் வாசிப்பவருக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. அம்மா, வருகிற லட்சுமியைத் தள்ளாதே என்கிறார். நான் கலைஞராக இருப்பதா, வெற்றி பெறுவதா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய பாட்டை மூன்று முறை கேட்டேன். இரண்டு முறை காக்ஸ் டவுனில் உள்ள என் பதிவுக்கூடத்து ஸ்பீக்கரில். ஒருமுறை வீடு திரும்பும் வழியில், ஆட்டோவில், மலிவான இயர்போனில். பெரும்பாலானோர் கேட்கப்போவது மூன்றாவது வகையில்தான் என்பதால் அந்தச் சோதனையை நான் விடுவதில்லை. நிறுவனத்தின் பெயரை மறைத்து நீங்கள் அனுப்பிய 14 பக்க ஒப்பந்த வரைவையும் படித்தேன். நான் வழக்கறிஞன் அல்லன். 24 ஆண்டுகளாக ஒலிப்பதிவும் மிக்ஸிங்கும் செய்து பிழைப்பவன். ஆகவே கையெழுத்துப் போடும் முன் பதிப்புரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் இதைக் காட்டியே ஆக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் செலவை மிச்சப்படுத்திவிட்டுப் பின்னால் என் கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து புலம்பியவர்களின் எண்ணிக்கை அதிகம்.

கலைஞராக இருப்பதா, வெற்றி பெறுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுவனம் அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கவே இல்லை. சில தனித்தனிக் காரியங்களைக் கேட்டு, அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். நீங்களும் உங்கள் நண்பரும் மூட்டையைப் பிரிக்காமலேயே அதை வாங்குவதா வேண்டாமா என்று மனத்தாங்கல் கொண்டிருக்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால் சிலவற்றுக்குத் தயங்காமல் சம்மதிக்கலாம், ஒன்றுக்கு எந்தத் தொகைக்கும் சம்மதிக்கக் கூடாது. கடிதத்தில் 'ஒப்பந்த வரைவை இணைத்திருக்கிறேன்' என்று அரை வரியில் கடந்துபோனீர்களே, எனக்குக் கவலை தந்தது அதுதான்.

முதலில் நீளம். பாட்டைச் சுருக்கச் சொல்வதைக் கலைக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவு செய்யப்பட்ட இசைக்கு எவ்வளவு வயதோ அவ்வளவு வயது இந்தக் கோரிக்கைக்கும் உண்டு. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடியபோது, மணிக்கணக்கில் பாடி விரிக்கும் ராகத்தை இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. தட்டு அவ்வளவுதான் கொள்ளும். முடிவில் 'மை நேம் இஸ் கௌஹர் ஜான்' என்று தன் பெயரையும் சொல்லி முடிப்பார்; தட்டுகள் ஜெர்மனியில் அச்சாகிவந்ததால், அங்கே இருந்தவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய அதுவே அடையாளம். அவர் தன் கலையை விற்றுவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சிறு நேரத்துக்குள் ஒரு ராகத்தைக் காட்ட முடிந்தது என்றுதான் வியக்கிறோம். அவருடைய கடைசி நாட்கள் நம் மாநிலத்திலேயே, மைசூர் அரண்மனையின் ஆதரவில், கழிந்தன.

இன்றைக்குத் தட்டுக்குப் பதிலாகக் கட்டைவிரல். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு; அதற்குள் கேட்பவர் அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு, முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பதிவுக்கு அங்கே பணமே கிடையாது என்ற விதியும் 2024-லிருந்து இருக்கிறது. குரல் 49-வது விநாடியில்தான் வரும் பாட்டைக் கண்டு நிறுவனம் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. சட்டமும் இதில் ஏறக்குறைய அவர்கள் பக்கம்தான். பாடுபவர், வாசிப்பவர் ஆகியோரின் நற்பெயரைக் காக்கும், பதிப்புரிமைச் சட்டத்தின் 38-பி பிரிவு, குறிப்பிட்ட நேரத்துக்குள் பொருத்துவதற்காக ஒரு பகுதியை நீக்குவது மட்டும் நற்பெயருக்கு ஊறு செய்ததாகாது என்று ஒரு விளக்கத்தைத் தானே சேர்த்து வைத்திருக்கிறது. நீளத்தைக் குறைப்பதும் பாட்டைச் சிதைப்பதும் வேறு வேறு என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

வாயால் சொல்வதைவிடச் செய்து பார்ப்பது மேல் என்று நேற்று இரவு நானே வெட்டிப் பார்த்தேன். ரயில் தொடக்கத்தை 48 விநாடியிலிருந்து 9 விநாடியாக்கினேன். பறையை அதன் மேலேயே ஏற்றி, தண்டவாளத்தின் தடக்தடக் ஒலி பறையின் அடியாக மாறும் அந்த ஓரிடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். நீங்கள் 48 விநாடியில் சொன்னதில் முக்கால்வாசி அதிலேயே வந்துவிடுகிறது, நம்புங்கள். இரண்டாம் சரணத்துக்குப் பிறகு வரும் இடையிசை முதல் இடையிசையின் மறுபதிப்புதான். அது போனது எனக்குத் தெரியவே இல்லை. மூன்றாம் சரணத்தை எடுத்தபோது மட்டும் வலித்தது. அப்பா இரவு வண்டியில் தூங்கிப்போய் பங்காருபேட்டையில் யாரோ தட்டி எழுப்பும் காட்சி அதில்தான் இருக்கிறது. அதைத் திரும்பச் சேர்த்தேன். கடைசிக் கணக்கு 3 நிமிடம் 22 விநாடி. மூன்று நிமிடத்துக்குள் என்று அவர்கள் சொன்னாலும் 22 விநாடிக்காகப் பேரம் முறியாது. முழு வடிவத்தை மேடையில் பாடுங்கள். ஆறு மாதம் கழித்து 'நீண்ட வடிவம்' என்று தனியாக வெளியிடும் உரிமையையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் யாரையும் தொடவிடாதீர்கள். பல்லவியில் 'சயனைடு' என்ற சொல்லுக்கு முன்னால் எல்லாக் கருவிகளும் நின்று இரண்டு அடி மௌனம் வருகிறதே, அதை. இந்தக் காலத்து மிக்ஸில் வெறும் இடத்தைக் கண்டால் உடனே ஏதாவது ஓர் ஒலியைப் போட்டு நிரப்பும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது, நானும் செய்திருக்கிறேன். அந்த மௌனம் நிரம்பினால் அடுத்து வரும் சொல் வெறும் சொல்லாகிவிடும்.

அந்தச் சொல்லுக்கே வருகிறேன். உங்கள் பல்லவியின் வரி இது: 'காத்தடிச்சா கண்ண மூடு, சயனைடு மேட்டுப் புள்ளே.' இதில் 'தங்க மேட்டுப் புள்ளே' என்று போட்டுப் பாடிப் பாருங்கள். சந்தம் சற்றே இழுக்கும், ஆனாலும் உட்கார்ந்துவிடும், பொருள்தான் உட்காராது. தங்க மேட்டிலிருந்து காற்றடித்தால் யார் கண்ணை மூடுவார்கள்? இரண்டு கையையும் விரித்துக்கொண்டல்லவா நிற்பார்கள்! பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய சக்கைதான் அந்த மேடு. நூறு ஆண்டுகளுக்கு மேல் தோண்டியதில் தங்கம் ஊரைவிட்டுப் போனது, மேடு மட்டும் ஊரில் தங்கிவிட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் பிழைக்கப் போன குடும்பங்களின் பிள்ளைகள் காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசிக்குத்தான் கண்ணை மூடிக்கொண்டார்கள். நீங்கள் எழுதியது முழுக்க அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. அதை மாற்றினால் மெட்டு உங்களுடையதாக இருக்கும், குரல் உங்களுடையதாக இருக்கும், பாட்டு மட்டும் வேறு யாருடையதோ ஆகிவிடும். இதற்குச் சம்மதிக்க வேண்டாம் என்பது என் திட்டமான கருத்து.

நிறுவனத்தாரை மூடர்கள் என்று எண்ணவும் வேண்டாம். விஷத்தின் பெயர் தலைப்பில் இருந்தால் விளம்பரதாரர்கள் ஒதுங்குவார்கள், தளங்களில் எச்சரிக்கை விழலாம், பண்டிகைப் பட்டியல்களில் சேராது என்று அவர்களுக்கு அச்சம் இருக்கலாம். காரணத்தைக் கேளுங்கள். அதுதான் காரணம் என்றால் விட்டுக்கொடுக்க உங்களிடம் ஒன்று இருக்கிறது: தலைப்பு. 'சயனைடு மேடு' என்ற தலைப்பை 'மாரிகுப்பம் வண்டி' என்று மாற்றினால் பாட்டுக்கு ஒரு குறையும் வராது. கடைப்பலகையில் என்ன எழுதலாம் என்று கடைக்காரருக்கு ஒரு சொல் இருக்கட்டும். பாட்டுக்குள் இருக்கும் சொல் உங்களுடையது.

துயரம் விற்காது என்று அவர்கள் சொன்னால், 2021 மார்ச்சில் வெளியாகி யூடியூபில் பல கோடி முறை பார்க்கப்பட்ட 'என்ஜாய் எஞ்சாமி'யை நினைவூட்டுங்கள். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் கதையிலிருந்து பாடகர் அறிவு எழுதிய வரிகளுக்குத்தான் கல்யாண வீடுகளில் இன்றும் ஆடுகிறார்கள். அதற்கு வெகு காலம் முன்பே பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், அவர் மறைந்தபோது உங்கள் வயதுதான், தயாரிப்பாளர் கேட்ட சூழலுக்கும் இசையமைப்பாளர் கொடுத்த சந்தத்துக்கும் எழுதிக்கொண்டே தன் பொதுவுடைமையை ஒரு சொல்கூட விட்டுக்கொடுக்காமல் திரையரங்கின் தரை டிக்கெட் வரைக்கும் கொண்டுபோனார். சந்தைக்காக எழுதியது அவர் பாட்டைக் கெடுக்கவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆங்கில வரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தங்கவயல் தமிழிலேயே ஷாஃப்ட், கேஜ், ஷிஃப்ட் என்று ஆங்கிலம் புழங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சொற்களை வைத்து ஒரு வரி அமைந்தால் பாட்டுக்கு அழகுகூடச் சேரும். அவர்கள் மாதிரிக்கு அனுப்பியிருக்கும் வரி, அதை இங்கே எழுதி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை, எந்த ஊர் எந்தப் பாட்டிலும் ஒட்டிக்கொள்ளக்கூடியது. நீங்களே ஒன்று எழுதிக் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுவார்கள்.

இன்னொரு சிறு விஷயம், தொழில்காரன் என்பதால் கண்ணில் பட்டது. மாஸ்டர், அதாவது இறுதி ஒலிவடிவம், -6 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) அளவுக்குச் சத்தமாக இருக்க வேண்டும் என்று பின்னிணைப்பில் போட்டிருக்கிறார்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய -14 லஃப்ஸுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிபரப்புகிறது. அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் அவர்களே குறைத்துவிடுவார்கள். நசுங்கிப்போன பறை மட்டும் நசுங்கியபடியே இருக்கும். இதற்குக் கொள்கைச் சண்டை எதுவும் வேண்டாம், இந்த ஒரு பத்தியை அவர்களுடைய ஒலிப்பொறியாளரிடம் காட்டினாலே போதும்.

இனி ஒப்பந்தம். 2003-ல், எனக்கு 26 வயது இருக்கும்போது, எங்கள் குழுவுக்காக நான் போட்டு வைத்திருந்த ஒரு மெட்டை ஒரு தொலைக்காட்சித் தொடரின் தலைப்பிசைக்காக 8,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். தொடர் சுமார் ரகம். அதற்கு இசை கொடுத்ததில் எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை, அந்த மாத வாடகை அதில்தான் போனது. முத்திரைத்தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து அதே மெட்டை எங்கள் குழுவோடு பதிவு செய்தபோது தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. என் மெட்டை நான் வாசிக்க என்னிடமே அனுமதிக் கட்டணம் கேட்டிருந்தார்கள். அதுவரை 'விலைபோவது' என்றால் மட்டமான இசை போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் எனக்கு விளங்கியது.

உங்கள் வரைவின் 4-வது பக்கத்தில், பாட்டின் சொற்கள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றின் உரிமையும் 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' நிறுவனத்துக்குப் போவதாக இருக்கிறது. சொல்லும் மெட்டும் ஒரு சொத்து, அவற்றைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு வேறொரு சொத்து என்பதை முதலில் மனதில் இருத்துங்கள். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் ஆறு ஆல்பங்களின் ஒலிப்பதிவுகள் 2019-ல் கைமாறியபோது, 2021 முதல் அவர் அவற்றில் நான்கை மறுபடி பாடி வெளியிட முடிந்ததற்குக் காரணம், பாட்டை எழுதிய உரிமை அவர் கையில் இருந்ததுதான். மூன்றையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டால் உங்களுக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும். ஆகவே இதை விற்பனையாக இல்லாமல் உரிமமாக, ஒலிப்பதிவுக்கு மட்டும், காலவரையறையோடு கேளுங்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ள வேண்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. 'நிரந்தரமாக' என்று வெளிப்படையாக எழுதியிருப்பதால் அது இங்கே தானாக உங்களைக் காப்பாற்றாது. ஆனால் பேரத்தில் ஐந்து ஆண்டு என்று நீங்கள் தொடங்கினால் அது ஆசைப்பட்டுச் சொன்ன எண்ணாக இராது, சட்டமே இயல்பாகக் கருதும் எண் என்று சொல்லலாம். ஏழு ஆண்டுக்கு இறங்கினாலும் நஷ்டமில்லை.

8-வது பக்கத்தில், எழுதியவரும் இசையமைத்தவரும் எதிர்கால ராயல்டி அனைத்தையும் கைவிடுகிறார்கள் என்று ஒரு வரி. 2012-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அப்படிக் கைவிடவே முடியாது. திரைப்படத்தில் சேராத ஒலிப்பதிவாக இருந்தாலும், அதன் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமை பெற்றவரோடு சமபங்கு ராயல்டி உண்டு, அதை வாரிசுகளுக்கோ, வசூலித்துப் பிரித்துத் தருவதற்காகப் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. 'செல்லாதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விட்டுவிடாதீர்கள், செல்லாது என்று நிரூபிக்க நீதிமன்றப் படியேற வேண்டியவர் நீங்கள்தான். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். கூடவே, நீங்களும் கிடார் நண்பரும் 1969 முதல் மும்பையில் இயங்கும், ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று உறுப்பினராகிவிடுங்கள். இந்தப் பேரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது தேவை.

அதே பக்கத்தில், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் நீங்கள் விட்டுக்கொடுப்பதாக இருக்கிறது. உரிமையை விற்ற பிறகும் படைப்பாளியிடமே தங்கும் என்று 57-வது பிரிவு காத்துவைத்திருக்கும் ஒன்றைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். 'தங்க மேடு' வேண்டாம் என்று இன்று நீங்கள் வாதாடி ஜெயித்துவிட்டு இந்த வரியை விட்டுவைத்தால், நாளைக்கு ஒரு நகைக்கடை விளம்பரத்தில் வேறொருவர் குரலில் தங்க மேடு வரும்.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். 3 லட்சம் என்பது விலை என்று உங்கள் அம்மா நினைக்கிறார். அது அட்வான்ஸ், உங்கள் பங்கிலிருந்தே கழிக்கப்படும் முன்பணம். வரைவுப்படி உங்கள் குழுவின் பங்கு 20 சதவீதம். அப்படியானால் பதிவு 15 லட்சம் ஈட்டும் வரை மேற்கொண்டு ஒரு ரூபாய் வராது. வீடியோச் செலவையும் அதே பங்கிலிருந்து கழிப்பதாகவும், செலவு எவ்வளவு என்பதை நிறுவனம் தீர்மானிக்கும் என்றும் 11-வது பக்கம் சொல்கிறது. வீடியோவுக்கு 5 லட்சம் ஆனது என்று வையுங்கள், ஈட்ட வேண்டியது 40 லட்சமாகிவிடும். நால்வருக்கும் கையில் நிற்பது ஆளுக்கு 75,000, அதிலும் வரி போக. பேஸ் வாசிப்பவரின் வீட்டுக் கடனுக்கு அது சில மாதத் தவணை. வீடியோச் செலவுக்கு ஓர் உச்சவரம்பும், உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கும் கேளுங்கள். கணக்கு கேட்பது அவநம்பிக்கை ஆகாது. நான் முன்னே சொன்ன 'என்ஜாய் எஞ்சாமி'யில் தங்களுக்கு அதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று அலசுவது என் வேலை இல்லை. பல கோடிப் பேர் கேட்பதும் பணம் வருவதும் தனித்தனி நிகழ்ச்சிகள் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கிடார் நண்பரைப் பற்றி. அவர் கொள்கைக்காகக் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். மெட்டு இருவரும் சேர்ந்து போட்டது என்கிறீர்கள். ஒப்பந்தத்தின் 14 பக்கத்தில் ஓரிடத்தில்கூட அவர் பெயர் இல்லை, இசையமைப்பு என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. நிறுவனம் உங்களோடு மட்டும் பேசியதால் நேர்ந்த கவனக்குறைவாக இருக்கும். அவர் அதைப் பார்த்திருந்தால் 'விலைபோவது' என்று அவர் சொன்னதில் வேறொரு வலியும் கலந்திருக்கலாம். கூட்டாகச் செய்த மெட்டின் உரிமையை அவர் கையெழுத்தில்லாமல் நீங்கள் மட்டும் எழுதிக்கொடுக்கவும் முடியாது. முதலில் அவரைக் கூப்பிட்டு உட்கார்ந்து, யார் என்ன செய்தார்கள், யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். குழுக்கள் உடைவதற்கு நான் கண்ட காரணங்களில் கொள்கை வேறுபாடு கடைசி, எழுதி வைக்காத பங்குதான் முதல்.

அவர் 'நிதி சால சுகமா' (செல்வம்தான் பெரிய சுகமா) என்று தியாகராஜரை மேற்கோள் காட்டினால் (நம்மூரில் இசைக்காரர்களுக்குப் புத்தி சொல்ல வருபவர்கள் எல்லோரும், பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குபவர்கள், அதைத்தான் எடுப்பார்கள்), தஞ்சை அரசரின் அழைப்பை மறுத்ததாகச் சொல்லப்படும் அந்த மகானுக்கு, வீதியில் பாடிச் சென்று அரிசி பெறும் உஞ்சவிருத்தி என்றொரு ஏற்பாடு இருந்தது என்பதை மெல்லச் சொல்லுங்கள். வீட்டுக்கு வீடு வந்து விழும் அரிசி அன்றைய உணவுக்குப் போதும் என்பதால் அரண்மனை அவருக்குத் தேவைப்படவில்லை. உங்களுக்கு அந்த அரிசி பெல்லந்தூர் வேலை. இதே பெங்களூரில் 'அகம்' ராக் இசைக்குழுவின் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் போன்றவர்கள் தொழில்நுட்ப நிறுவன வேலையோடுதான் பல ஆண்டுகள் மேடையேறினார்கள். மாதச் சம்பளம் இருந்ததால் யாருக்கும் பிடித்தபடி பாட வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. பாட்டை மட்டுமே நம்பியிருப்பவருக்கு நான் இவ்வளவு தைரியமாக 'மாட்டேன் என்று சொல்லுங்கள்' என எழுதியிருக்க மாட்டேன். உங்களால் சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன்.

ஆகவே வேலையை விடுவதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். நீளத்துக்கும் தலைப்புக்கும் சம்மதம் என்று தொடங்குங்கள். முதல் வரியிலேயே சம்மதம் கண்டவர்கள் மீதியைப் பொறுமையாகப் படிப்பார்கள். அடுத்து 'சயனைடு' என்ற சொல் மாறாது என்பதைக் காரணத்தோடு நான்கே வரியில் சொல்லுங்கள். பிறகு ஒப்பந்தத் திருத்தங்கள். அவர்கள் சொல்லுக்கு ஒத்துக்கொண்டு ஒப்பந்தத்துக்கு மறுத்தாலும் கையெழுத்திட வேண்டாம். இரண்டுக்கும் மறுத்தால் ஒரு விநியோகத் தளத்தின் வழியாக நீங்களே வெளியிடுங்கள். முதல் ஆண்டு வருமானம் தேநீர்ச் செலவுக்குத்தான் வரும், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். பாட்டு உங்களிடம் இருக்கும்; இரண்டாவது, மூன்றாவது பாட்டு கவனிக்கப்படும்போது வேறொருவர் வந்து இதையும் கேட்பார். இந்தத் தொழிலில் பழைய பாட்டுகள் அப்படித்தான் விலைபெறுகின்றன.

கடைசியாகப் பாட்டியின் குரல். 5 நிமிடம் 18-வது விநாடியில் தொடங்குகிறது. பின்னணியில் பிரஷர் குக்கர் ஒரு விசில் விடுகிறது, நடுவில் அவர் ஒருமுறை இருமுகிறார். எந்த ஒலிப்பொறியாளரும் முதல் வேலையாக இரண்டையும் துடைத்துவிடுவார், கருவிகள் அப்படித்தான் பழகியிருக்கின்றன. துடைக்கக் கூடாது என்று மிக்ஸ் குறிப்பில் எழுதிக்கொடுங்கள். அவர் குரலைப் பயன்படுத்த அவரிடம் ஒரு கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டைத் தளத்தில் ஏற்றும்போது நிரப்பும் படிவத்தில் பாடியவர்கள் என்ற இடத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய முழுப் பெயரையும் சேருங்கள். ஒருமுறை விட்டுப்போனால் எல்லாத் தளங்களிலும் திருத்தி முடிக்க மாதக்கணக்காகும். பெயரின் எழுத்துகளை அவரிடமே ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.